எஞ்சின் வேலையில் புஷ்ராடு அளவு: பயனுள்ள குறிப்புகள்

பழைய அம்பாசடரையோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ வீட்டில் வைத்துக் காப்பாற்றி வருபவர்கள், எஞ்சின் வேலை என்று இறங்கினால் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கிறார்கள். புஷ்ராடுகளை மட்டும் டீசலில் கழுவித் துடைத்து, பழையபடி செருகிவிடுகிறார்கள். ஹெட்டைச் சீவியாயிற்று, கேம்ஷாஃப்ட்டை கிரைண்டிங் பிடித்தாயிற்று, வால்வு சீட்டையும் வெட்டியாயிற்று. இந்த மூன்றுக்கும் நடுவே நிற்கிற கம்பிக்கு மட்டும் பழைய அளவே எப்படிப் பொருந்தும்? எஞ்சின் வேலையில் கடைசியாக வாங்கவேண்டிய சாமான் புஷ்ராடு. அதற்கான அளவை உங்கள் எஞ்சினிலேயே எடுக்க வேண்டும்.

இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கானவை. இது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த ‘பி சீரிஸ்’ எஞ்சின். எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடியதும் இதே குடும்பம்தான்.

1. முதலில் உங்கள் வண்டியில் புஷ்ராடு இருக்கிறதா என்று பாருங்கள். அம்பாசடரின் ஆரம்பகால வண்டிகளில் 1476 சி.சி. சைடு வால்வு எஞ்சின் இருந்தது. அதில் வால்வுகள் பிளாக்கிலேயே இருப்பதால் புஷ்ராடுக்கு வேலை இல்லை. 1959-இல் ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் வந்த பிறகுதான் இந்தக் கம்பிகள் வந்தன. 1990களில் வந்த 1800 சி.சி. இசுசு எஞ்சினில் கேம்ஷாஃப்ட் ஹெட்டுக்கே ஏறிவிட்டது. ஆகவே இந்தக் குறிப்புகள் நடுவில் வந்த எஞ்சினுக்கு.

2. கேம்ஷாஃப்ட் சுற்றும்போது அதன் மூக்கு டேப்பட்டைத் தூக்கும். டேப்பட் புஷ்ராடைத் தூக்கும், புஷ்ராடு ராக்கரின் ஒரு முனையைத் தூக்கும். பூங்காவில் பிள்ளைகள் ஏறும் சீசா பலகை போல ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வைத் திறக்கும். ஆனால் ராக்கரின் இரண்டு கைகளும் சம நீளம் இல்லை. பி சீரிஸில் வால்வுப் பக்கத்துக் கை ஏறக்குறைய 1.4 மடங்கு நீளம். எனவே புஷ்ராடு பக்கம் 1 மி.மீ. அசைந்தால் வால்வுப் பக்கம் 1.4 மி.மீ. அசையும். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

3. உங்கள் எஞ்சினின் ராக்கர் எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் யார் சொல்லும் ஆலோசனையையும் கேட்காதீர்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

1955-இல் வந்த ஷெவர்லே வி8 போன்ற அமெரிக்க எஞ்சின்களில் ஒவ்வொரு ராக்கரும் தனித்தனி ஸ்டட்டின் மேல் உட்காரும். அதில் புஷ்ராடை நீளமாக்கினால் ராக்கரே மேலே ஏறிவிடும். வால்வின் தலையில் ராக்கர் படுகிற இடமும் நகர்ந்துவிடும். அந்த எஞ்சின்களில் ராக்கரின் கோணத்தைத் தீர்மானிப்பதே புஷ்ராடு நீளம்தான்.

அம்பாசடர், ஹெரால்டு, எம்.ஜி. வண்டிகள் வேறு வகை. அவற்றில் ராக்கர்கள் எல்லாம் ஒரே தண்டில் கோத்திருக்கும். தண்டு தூண்களின் மேல் உறுதியாக நிற்கும். வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதைத் தண்டின் உயரமும் வால்வுத் தலையின் உயரமும் முடிவு செய்கின்றன. புஷ்ராடு நீளம் மாறினால் மாறுவது ஒன்றே ஒன்று: ராக்கரின் புஷ்ராடு முனையில் இருக்கும் அட்ஜஸ்டிங் திருகு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நிற்கிறது என்பது. அமெரிக்க எஞ்சினுக்குச் சொன்ன வைத்தியத்தை அம்பாசடருக்குச் செய்து, புஷ்ராடை மாற்றி மாற்றிப் போட்டும் வால்வுத் தலையில் ராக்கர் உரசும் கோடு நகரவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. நகராது. அதற்கு மருந்து வேறு. 12-ஆம் குறிப்பில் பாருங்கள்.

4. ஹெட்டைக் கழற்றும் முன் ரேடியேட்டர், பிளாக் இரண்டிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள். ராக்கர் தண்டை மட்டும்தானே எடுக்கப்போகிறோம் என்று நினைத்தாலும் வடியுங்கள். பி சீரிஸில் ராக்கர் தூண்களின் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணலாக இழுபட்டுத் தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் ஆயில் சம்ப்புக்குள்ளும் இறங்க வாய்ப்பு உண்டு. ஹெட் நட்டுகளையும் சேர்த்து, வரிசைப்படி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

5. புஷ்ராடை நேராக இழுக்காதீர்கள். எண்ணெய்ப் பிடிப்பில் டேப்பட்டும் கூடவே எழும்பிவரும்; பாதியில் நழுவிக் கோணலாக விழுந்தால் தொல்லை. கம்பியை விரலால் இடமும் வலமும் திருகி, பிடிப்பு விட்டதும் மெதுவாகத் தூக்குங்கள்.

6. மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டி ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, விசிறிப் பக்கத்திலிருந்து வரிசையாகக் கம்பிகளைச் செருகி வையுங்கள். மேல் முனை மேலேயே இருக்கட்டும். பழைய பாகங்களையே திரும்பப் போடுவதாக இருந்தால் ஒவ்வொரு புஷ்ராடும் தன் டேப்பட்டோடும் ராக்கரோடும்தான் சேர வேண்டும். டேப்பட்டுகளுக்கு இந்த ஒழுங்கு இன்னும் முக்கியம். ஒரு மூக்கில் தேய்ந்து பழகிய டேப்பட்டை இன்னொரு மூக்கில் வைத்தால் இரண்டும் கெடும்.

7. கம்பி நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் உருட்டுங்கள். முனைகளின் தடிமன் தடுத்தால், முனை விளிம்புக்கு வெளியே நிற்கும்படி நடுத்தண்டை மட்டும் கண்ணாடியில் உருட்டலாம். வளைந்த கம்பி தத்தித் தத்தி உருளும். அடியில் வெளிச்சம் தெரியும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்த வேண்டாம். ஒருமுறை வளைந்த இடத்திலேயே மறுபடி வளையும்.

8. பி சீரிஸ் புஷ்ராடின் கீழ்முனை உருண்டை, மேல்முனை கிண்ணம். இரண்டும் சீராக மினுங்க வேண்டும். குழி விழுந்திருந்தாலோ கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலோ அந்தக் கம்பியை ஒதுக்கிவிடுங்கள். கிண்ணம் தேய்ந்திருந்தால் அதில் உட்காரும் அட்ஜஸ்டிங் திருகின் உருண்டையையும் பாருங்கள், அதுவும் தேய்ந்திருக்கும்.

9. லேத் பட்டறையிலிருந்து ஹெட், பிளாக், கேம்ஷாஃப்ட் எது திரும்பி வந்தாலும், எவ்வளவு எடுத்தார்கள் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். ‘கொஞ்சம்தான் சார் எடுத்தோம்’ என்பது அளவு ஆகாது. முடிந்தால் கொடுக்கும் முன்பு ஹெட்டின் மொத்தத் தடிமனை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருமுறை சீவிய ஹெட்டாகவும் இருக்கலாம்.

10. இப்போது கணக்கு. பேப்பரில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு மாற்றம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஹெட்டையோ பிளாக்கின் மேல்முகத்தையோ எவ்வளவு சீவுகிறார்களோ அவ்வளவும் ராக்கர் தண்டு கேம்ஷாஃப்ட்டை நோக்கி இறங்கும். புஷ்ராடு அதே அளவு குட்டையாக வேண்டும். பழையதைவிடத் தடித்த கேஸ்கெட் போட்டால் இது மறுபக்கம் திரும்பும்.

கேம்ஷாஃப்ட்டை கிரைண்டிங் பிடிக்கும்போது மூக்கு மட்டும் குறைவதில்லை. மூக்குக்கு எதிர்ப்புறம் உள்ள அடிவட்டமும் குறைகிறது. அதன் ஆரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு டேப்பட் கீழே உட்காரும். புஷ்ராடு அந்த அளவு நீளமாக வேண்டும்.

வால்வு சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் புதைந்து, அதன் தண்டு மேலே எழும்பும். ராக்கரின் வால்வுப் பக்கம் உயர்ந்தால் புஷ்ராடு பக்கம் தாழும். ஆனால் கை நீள வித்தியாசத்தால் 1.4-ஆல் வகுத்த அளவுதான் தாழும்.

ஓர் உதாரணம். ஹெட்டில் 0.5 மி.மீ., பிளாக்கில் 0.1 மி.மீ. சீவியிருக்கிறது: 0.6 குட்டை. கேம் அடிவட்டத்தின் ஆரம் 0.4 மி.மீ. குறைந்திருக்கிறது: 0.4 நீளம். வால்வு 0.28 மி.மீ. எழும்பியிருக்கிறது: 1.4-ஆல் வகுத்தால் 0.2 குட்டை. கூட்டிக் கழித்தால் 0.4 மி.மீ. குட்டை. இவ்வளவு சிறிய மாற்றத்தை அட்ஜஸ்டிங் திருகே ஏற்றுக்கொள்ளும். புதுக் கம்பி வாங்கத் தேவையில்லை. ஹெட்டை மட்டும் 1.5 மி.மீ. சீவி, கேமைத் தொடாமல் விட்ட எஞ்சினாக இருந்தால் பதில் வேறு.

11. ஆனாலும் கணக்கு கணக்குதான், அளவு அளவுதான். அளக்கும்போது ஹெட்டின் அடியில் கேஸ்கெட் இருக்க வேண்டும். அதுவும் ஏற்கெனவே இறுக்கி அமுங்கிய, நீங்கள் போடப்போகும் அதே வகைக் கேஸ்கெட். புதுக் கேஸ்கெட்டை ஒத்திகைக்கு இறுக்கி வீணாக்க வேண்டாம். பழையதையே பத்திரப்படுத்தி வையுங்கள். ஹெட் நட்டுகளைக் கையேடு சொல்லும் வரிசையில், சொல்லும் முறுக்குக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கிய பிறகே அளவெடுக்க வேண்டும்.

12. நீளத்துக்கு முன் கோணம். வால்வு தன் முழு ஏற்றத்தில் பாதி திறந்திருக்கும்போது, ராக்கர் தண்டின் மையத்திலிருந்து வால்வுத் தலையில் ராக்கர் படும் புள்ளிக்குப் போகும் கோடு, வால்வுத் தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கர் வால்வுத் தலையைக் குறைவாக உரசும். வால்வு கைடும் பக்கவாட்டில் தேயாது.

சோதிக்க, வால்வுத் தலையில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, ராக்கரைப் பொருத்தி, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் சுற்றுவது எளிது. மை தேய்ந்த கோடு குறுகலாக, நடுவில் இருந்தால் நிம்மதி. அகலமாகவோ ஓரமாகவோ இருந்தால் தண்டின் உயரம் சரியில்லை. வால்வு எழும்பிவிட்ட ஹெட்டில் தூண்களுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துத் தண்டை உயர்த்தலாம்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்லவேண்டும். ஹெட்டைச் சீவினால் ஷிம் வைக்க வேண்டும் என்பது பட்டறைகளில் பரவலான பழக்கம். யோசித்துப் பாருங்கள்: ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவும்போது வால்வும் ராக்கர் தண்டும் சேர்ந்தேதான் இறங்குகின்றன. இரண்டுக்கும் இடையிலான கோணம் துளியும் மாறுவதில்லை. நீளமாகிப் போன புஷ்ராடுக்கு இடம் கொடுப்பதற்காக ஷிம் வைத்தால், சரியாக இருந்த கோணத்தை நாமே கெடுக்கிறோம். வால்வு எழும்பியதற்கு ஷிம் வையுங்கள். ஹெட் குறைந்ததற்குப் புஷ்ராடைக் குறையுங்கள்.

13. ஷிம் வைத்தால் எல்லாத் தூண்களுக்கும் ஒரே தடிமனில் வையுங்கள். தூண்களில் ஒன்றின் வழியாகத்தான் ஹெட்டிலிருந்து ராக்கர் தண்டுக்கு எண்ணெய் ஏறுகிறது. அந்தத் தூணுக்கான ஷிம்மில் எண்ணெய் ஓட்டை இருந்தே ஆக வேண்டும். மறந்தால் ராக்கர்கள் அத்தனையும் எண்ணெய் இல்லாமல் தேயும். 0.5 மி.மீ. ஷிம் வைத்தால் ராக்கரின் புஷ்ராடு பக்கம் ஏறக்குறைய 0.85 மி.மீ. உயர்ந்துவிடும். எனவே ஷிம் வேலை முடிந்த பிறகே நீளத்தை அளக்க வேண்டும்.

14. அளவுக் கம்பியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒதுக்கிவைத்த பழைய புஷ்ராடு ஒன்றை (முனைகள் நன்றாக இருப்பதாகப் பார்த்து) நடுவில் வெட்டி, சிறிது நீளத்தையும் எடுத்துவிடுங்கள். லேத்காரரிடம் கொடுத்து இரண்டு வெட்டுமுனைகளிலும் மரை போடச் சொல்லி, இரண்டையும் இணைக்கும் மரையுள்ள குழாய் ஒன்றும், பூட்டு நட்டு ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். திருகினால் நீளும், குறையும் கம்பி கிடைத்துவிடும். இது அளப்பதற்கு மட்டும். இதைப் போட்டு எஞ்சினை ஓட்டக் கூடாது.

15. அளக்கும் வால்வின் டேப்பட், கேமின் அடிவட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு ஒன்பது கணக்கு உதவும்: முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-இலிருந்து கழியுங்கள், வரும் எண்தான் நீங்கள் அளக்கவேண்டிய வால்வு. 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. ஹெரால்டு எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான்.

16. அளக்கும் முறை இதுதான். ராக்கரின் அட்ஜஸ்டிங் திருகை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்திப் பூட்டு நட்டை இறுக்குங்கள். அளவுக் கம்பியைக் குட்டையாக வைத்துச் செருகுங்கள். ராக்கருக்கும் வால்வுத் தலைக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு நகரும் வரை கம்பியை நீட்டுங்கள். பி சீரிஸுக்கு வழக்கமான இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. வேறு வகைக் கேம்ஷாஃப்ட் போட்டிருந்தால் அதற்குரிய இடைவெளியை வையுங்கள். பூட்டு நட்டை இறுக்கிய பின் தகட்டை மறுபடி நுழைத்துப் பாருங்கள், இறுக்கும்போது அளவு நகர்ந்திருக்கும். பிறகு கம்பியை வெளியே எடுத்து அளக்கலாம்.

17. பட்டறைகளில் சாதாரணமாக இருக்கும் 150 மி.மீ. வெர்னியர் இதற்கு எட்டாது, 300 மி.மீ. வெர்னியர் வேண்டும். கிண்ண முனையின் விளிம்பிலிருந்து அளந்தால் பயனில்லை, திருகின் உருண்டை உட்காருவது கிண்ணத்தின் அடியில்தான். கிண்ணத்துக்குச் சரியாகப் பொருந்தும் பேரிங் குண்டு ஒன்றை அதில் வைத்து, குண்டின் உச்சியிலிருந்து மறுமுனை வரை அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்துவிடுங்கள். புதுக் கம்பிகள் வந்ததும் அதே குண்டை வைத்து அதே முறையில் அளந்து சரிபாருங்கள். விற்பவர்கள் ஒருவர் விளிம்பிலிருந்தும் இன்னொருவர் கிண்ணத்தின் அடியிலிருந்தும் நீளம் சொல்வதுண்டு. ஆர்டர் கொடுக்கும்போது எங்கிருந்து எதுவரை என்று சிறு படம் வரைந்து அனுப்பிவிட்டால் தகராறு இல்லை.

18. எட்டையும் அளந்துவிடுங்கள். ஹெட்டைச் சாய்வாகச் சீவியிருந்தால் முதல் சிலிண்டருக்கும் நான்காவதுக்கும் அளவு வேறுபடும். ஒரே ஒரு வால்வு மட்டும் கூட்டத்திலிருந்து விலகி நின்றால் அந்த வால்வு சீட்டைப் பாருங்கள், கூடுதலாக வெட்டியிருப்பார்கள்.

19. கிடைத்த அளவில் கம்பி கிடைக்காவிட்டால், அதற்கு மிக நெருங்கிய அளவை எடுங்கள். மீதியைத் திருகு பார்த்துக்கொள்ளும். கம்பி மிக நீளமாக இருந்தால் திருகை முழுதும் மேலேற்றினாலும் இடைவெளி வராது. வால்வு சரியாக மூடாமல் கம்ப்ரஷன் போகும், எக்ஸாஸ்ட் வால்வு எரியும். மிகக் குட்டையாக இருந்தால் திருகு கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். பூட்டு நட்டுக்கு மேலே மரை போதாது, திருகும் வளையும்.

20. கம்பியைக் குட்டையாக்க முனையை கிரைண்டரில் தேய்க்கவே கூடாது. முனைகள் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. அந்தத் தோல் போனால் சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்து, இரும்புத்தூள் ஆயிலில் கலக்கும். நடுவில் வெட்டி வெல்டிங் வைப்பதும் கூடாது.

21. எம்.ஜி.பி. வைத்திருப்பவர்களுக்கு: பிற்காலத்து எஞ்சின்களில் டேப்பட்டின் வடிவம் மாறி, புஷ்ராடும் குட்டையானது. முந்தைய டேப்பட்டுக்குப் பிந்தைய கம்பி சேராது. ஜோடியாகவே வாங்குங்கள்.

22. ஹைட்ராலிக் டேப்பட் உள்ள அமெரிக்க எஞ்சின் என்றால் இடைவெளி என்ற பேச்சே இல்லை. இடைவெளி சரியாகப் பூஜ்யமாகும் நீளத்தைக் கண்டுபிடித்து, டேப்பட்டின் உள் பிஸ்டன் அமுங்குவதற்காக அதோடு 0.5 முதல் 1.5 மி.மீ. வரை, தயாரிப்பாளர் சொல்லும் அளவைக் கூட்ட வேண்டும். அளக்கும்போது அந்த வால்வில் மெல்லிய ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள். அசல் ஸ்பிரிங் டேப்பட்டை அமுக்கி அளவைப் பொய்யாக்கும்.

23. எல்லாம் பொருத்திய பின் கிராங்கைக் கையால் சுற்றி மூன்றைப் பாருங்கள். புஷ்ராடு ஹெட்டின் ஓட்டையில் எங்கும் உரசக் கூடாது. வால்வு முழுதும் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. மூன்றாவது, பலரும் பார்க்காதது: ஒவ்வொரு கம்பியின் மேற்புறத்திலும் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். எஞ்சின் சுற்றச் சுற்ற அந்தப் புள்ளி மெல்ல இடம் மாற வேண்டும். டேப்பட் தன் அச்சில் சுழல்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு கம்பி மட்டும் சுழலாமல் நின்றால் அந்த டேப்பட்டை எடுத்துப் பாருங்கள். சுழலாத டேப்பட் கேமின் மூக்கைத் தின்றுவிடும்.

24. புதுக் கேம், புது டேப்பட் போட்ட எஞ்சினை முதலில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாதீர்கள். 2000 ஆர்.பி.எம். அளவில் சுமார் இருபது நிமிடம் ஓட வேண்டும். டேப்பட்டுக்கு எண்ணெய் தெறித்துச் சேருவது அந்த வேகத்தில்தான். ஆயில், தண்ணீர், பெட்ரோல், இக்னிஷன் டைமிங் எல்லாம் தயார் என்று உறுதி செய்துகொண்டே சாவியைத் திருப்புங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஹெட் நட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மறுபடி பாருங்கள். கேஸ்கெட் அமுங்கி ஹெட் இறங்கியிருக்கும்.

25. ஹெட்டின் தடிமன், சீவிய அளவு, கேஸ்கெட் வகை, ஷிம் தடிமன், எட்டுப் புஷ்ராடுகளின் நீளம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இருக்கிற வண்டிகள்தான் இனி கைமாறிக்கொண்டிருக்கும். அடுத்து இந்த ஹெட்டைக் கழற்றப்போகிறவர் உங்கள் மகளாக இருந்தாலும் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அந்தத் தாளை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.